புயலன்று பூட்டிய கதவு

பனிச்சந்துறை மிஷன் கோயிலுக்கு வதனியும் போவாள், நல்லரத்தினமும் போவார். நாற்பத்தாறு வருசமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய், ஒரே பாட்டைப் பாடி, ஒரே பிரசங்கத்தைக் கேட்டு, ஒரே வாசலால் வெளியே வந்தவர்கள். இத்தனை காலத்திலும் ஒருவரோடொருவர் ஒரு சொல் பேசினதில்லை. அவர் முன்வாங்குப் பலகையில் வலது பக்கம் இருப்பார். அவள் பின்னாலிருந்து மூன்றாவது வாங்கில், அவருடைய பிடரி நேரே தெரிகிற இடமாகப் பார்த்து இருப்பாள். அந்தப் பிடரி நரைத்து, வழுக்கையேறி, சுருக்கம் விழுந்ததை அவளைப்போல் கவனித்தவர்கள் அவர் வீட்டிலேயே இல்லை.

"ஏம்மா அந்தக் கோயிலுக்கே போறீங்க, ரவுனில எத்தின கோயில் இரிக்கு" என்று கிரானில் கலியாணம் முடித்திருக்கும் மகள் கேட்பாள்.

"நான் போகாம விட்டா கோயில் முழுக்க அவருக்காகிடும்" என்பாள் வதனி.

அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. பக்கத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரியில் அற்றெண்டன் வேலை. முப்பது வருசமாக நோயாளரைத் தூக்கி, கழுவி, துடைத்த கை. இளகிய கை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுத்தமான கை என்று எல்லோரும் சொல்வார்கள். புருசன் வாவியில் மீன் பிடித்தவன். நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்து எட்டு வருசமாகிறது.

நல்லரத்தினம் கோயில் மூப்பர். வட்டை வயல்வெளிக்குள் பன்னிரண்டு ஏக்கர் செய்கிறவர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊரே எழும்பி ஓடிய காலத்தில், மாதத்துக்கு ஒருமுறை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கோயில் ஓட்டையும் கதவையும் பார்த்துவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். இல்லாவிட்டால் திரும்பி வந்தவர்களுக்குச் சுவர்கூட மிஞ்சியிருக்காது. இது வதனிக்கும் தெரியும். தெரிந்ததால் அவள் மனம் இன்னும் இறுகியதே தவிர இளகவில்லை.

ஆறேழு வருசத்துக்கு முன், அறுவடை நேரத்தில், விரியன் கடித்து அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். அன்று வதனியின் முறை. கடிவாயைக் கழுவியது அவள், சேலைனைப் பிடித்து நின்றது அவள், இரண்டு நாள் மூத்திரச் சட்டி எடுத்ததும் அவள். முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகு அவர் தன் மருமகள் பிரஷாந்தியிடம் ஒரு வாழைக்குலை கொடுத்தனுப்பினார். வதனி அதை வாங்கி, ஆஸ்பத்திரி வாசலில் நின்ற மாடுகளுக்குச் சீப்புச் சீப்பாக முறித்துப் போட்டாள். போய்ச் சொல்லட்டும் என்றுதான் பிரஷாந்தி பார்த்திருக்கவே போட்டாள்.

பகை வந்த கதை இதுதான்.

1978 நவம்பர் இருபத்துமூன்று. மட்டக்களப்பில் அந்தப் புயல் தேதியை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. வதனிக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பன் கல்குடாவுக்குக் கரைவலை இழுக்கப் போயிருந்தார். பின்னேரம் ஏறத் தொடங்கிய காற்று, பொழுது படுகிற நேரம் அவர்களுடைய கிடுகு வீட்டை அப்படியே பெயர்த்துக்கொண்டு போனது. தாய் ஞானம்மா மூன்று வயது யோகனை இடுப்பில் தூக்கி, வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். ஊரில் அன்று கல்லால் கட்டியவை கோயிலும் பள்ளிக்கூடமும்தான். கோயில் சின்னது, ஆனால் சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்பும், ஒன்றரை முழத் தடிப்பு.

கதவு உள்ளே பூட்டிக் கிடந்தது. ஞானம்மா தட்டினாள், கத்தினாள். உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இருபத்துமூன்று வயது நல்லரத்தினம், குரலில் தெரிந்தது. கதவைத் திறந்தால் காற்றுப் புகுந்து கூரையைத் தூக்கிவிடும், உள்ளே அறுபது பேர் இருக்கிறோம், பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றான். பின்கதவையாவது பார்ப்போம் என்று ஞானம்மா கோயிலைச் சுற்றி ஓடினாள். காற்றில் கால் நிலைக்காத வதனி, முற்றத்தில் கோயில் மணி தொங்கும் முதிரைத் தூணைக் கட்டிப் பிடித்தாள்.

அந்த நேரத்தில்தான் வினாயகமூர்த்திப் போடியார் வந்தார். நூறு ஏக்கருக்கு மேல் வயல் வைத்திருந்தவர். சைவக்காரர், இந்தக் கோயில் படியை ஒருநாளும் மிதிக்காதவர். நல்லரத்தினத்தின் தகப்பன் அவருடைய வயலைத்தான் குத்தகைக்குச் செய்துவந்தார். போடியார், மனைவி, மகள், இரண்டு வேலைக்காரர், கையில் ரோச் லைற். போடியாருடைய குரல் கேட்டதும் கதவு திறந்தது. ஐந்து பேரும் உள்ளே போனார்கள். கதவு மறுபடி பூட்டிக்கொண்டது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற வதனி இதைக் கண்ணால் பார்த்தாள். ரோச் வெளிச்சம் முகத்தில் அடித்ததில், கதவைச் சாத்திய கை யாருடையது என்று மட்டும் தெரியவில்லை.

ஞானம்மா திரும்பி வந்து மறுபடி தட்டினாள். திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வா என்று மகளைக் கூப்பிட்டாள். வதனியால் தூணை விட முடியவில்லை, கை விறைத்துவிட்டது. அப்படியே பிடித்துக்கொண்டிரு, தம்பியை விட்டுவிட்டு வாறன் என்று சொல்லி ஞானம்மா போனாள். பள்ளிக்கூட வீதி வளைவில் தென்னை விழுந்து, தாயும் பிள்ளையும் அதன் கீழே கிடந்ததை விடிந்த பிறகு கண்டார்கள். இவ்வளவுக்கும், அந்தக் கூரை அன்றைக்கே பறந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வாங்குகளுக்கடியில் கிடந்து, சுவரின் தடிப்பால் தப்பினார்கள்.

கதவு போடியாருக்குத் திறந்ததை வதனி எல்லோரிடமும் சொன்னாள். பயந்துபோன பிள்ளையின் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். போடியார் முதலே வந்துவிட்டார், அதற்குப் பிறகுதான் கதவைப் பூட்டினேன் என்றான் நல்லரத்தினம். போடியார் வாய் திறக்கவில்லை. மகளை நம்பியவர் தகப்பன் மட்டும். அவர் சாகும்வரை அந்தக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. மகளோ வளர்ந்து, கலியாணம் முடித்து, தாலி அறுத்த பிறகும் ஒரு ஞாயிறு தவறவிடவில்லை.

2024 இல் கோயிலுக்கு நூற்றைம்பது வயதானது. விழா எடுக்கவும் சரித்திரப் புத்தகம் போடவும் சபை தீர்மானித்தது. எழுதும் பொறுப்பு மூப்பருக்கு. நல்லரத்தினம் நாற்பது பக்கம் தன் கையால் எழுதினார். ஆசிரியையாக இருக்கும் பிரஷாந்தி அதைத் தட்டச்சு செய்தாள். பிழை இருந்தால் சொல்லட்டும் என்று அச்சுக்குப் போகுமுன் ஒரு பிரதியைக் கோயில் மேசையில் வைத்தார்கள்.

வதனி ஆராதனை முடிந்து, நின்ற நிலையில் அதை முதல் எழுத்திலிருந்து வாசித்தாள். நல்லாய்த்தான் எழுதியிருந்தார். முதலில் கிடுகுக் கொட்டில் இருந்தது, வெள்ளைக்காரப் போதகர் ஒருவர் வாவியால் வள்ளத்தில் கல் ஏற்றுவித்தது, கல் சுமந்த கூலியாட்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தது, கொலராவில் ஒரு மாதத்தில் இருபத்தொரு பேரைப் புதைத்தது எல்லாம் இருந்தன. பதினேழாம் பக்கத்தில், 'புயலன்று கோயில் தன் கதவைத் திறந்து ஊரை ஏற்றுக்கொண்டது. தேவ கிருபையால் ஓர் உயிருக்கும் சேதமில்லை' என்று இருந்தது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அவள் எழும்பினாள். வந்து ஒரு வருசமே ஆன இளம் போதகரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"ஐயா, பதினேழாம் பக்கம் பிழை. ரெண்டு உயிர் போயிரிக்கு. எழுதோணும்."

நல்லரத்தினமும் போதகரைப் பார்த்தே மறுமொழி சொன்னார். "கோயிலுக்குள்ள ஒருத்தரும் சாகல்ல ஐயா. றோட்டில மரம் விழுந்து செத்தது கோயில்ட சரித்திரத்தில வராது."

"றோட்டுக்கு ஏன் போனவங்க எண்டு கேளுங்க ஐயா."

"கூரையக் காப்பாத்தத்தான் பூட்டினது எண்டு சொல்லுங்க."

"போடியாருக்குக் கூரை பறக்காதா எண்டு கேளுங்க."

போதகர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் மூப்பர் பக்கம். செத்தவர்களை ஏன் இப்போது இழுக்கிறாள், விழாவைக் குழப்பத்தான் வந்து நிற்கிறாள் என்று பெண்களே சொன்னார்கள். கை உயர்த்தச் சொன்னபோது, பக்கம் இருந்தபடியே இருக்கட்டும் என்று அத்தனை கையும் உயர்ந்தது.

அதற்குப் பிறகு ஊர் அவளை விட்டுவைக்கவில்லை. அவளுடைய வாங்கை மட்டும் வார்னிஷ் அடிக்க என்று யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு அவள் வீட்டிலிருந்து பிளாஸ்ரிக் கதிரையைத் தலையில் தூக்கி வந்து, அதே இடத்தில் போட்டு இருந்தாள். வேலிப் படலையில் கழிவெண்ணெய் ஊற்றியிருந்தது. துடைக்காமல் விட்டாள், போறவாறவர்கள் பார்க்கட்டும் என்று. நோயாளரை அடிக்கிறாள் என்று ஆஸ்பத்திரிக்கு மொட்டைக் கடிதம் போனது. வைத்தியர் கூப்பிட்டுக் கேட்டார். எழுதியவரை ஒரு தடவை நோயாகிவரச் சொல்லுங்கள், எப்படிப் பார்க்கிறேன் என்று தெரியும் என்றாள். மகள் அழுதாள், தாய் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

போதகர் வீடு தேடி வந்தார். விழாவுக்கு முன் மன்னித்துவிட்டால் மனப்பாரம் குறையும் என்று மெதுவாகச் சொன்னார்.

"கேட்டவருக்குத்தானே ஐயா மன்னிப்பு. ஆர் கேட்டது?" என்றாள் வதனி. அவர் தேத்தண்ணி குடிக்காமலே போனார்.

சாட்சி ஒருத்திதான் மிச்சம். போடியாரும் மனைவியும் இறந்துவிட்டார்கள். மகள் அன்னப்பூரணி கல்லடியில் மாடிவீட்டில் இருந்தாள். வதனி பஸ் எடுத்துப் போனாள். அன்னப்பூரணி கேற்றைத் திறக்காமல், என்ன உதவிக்கு வந்தாய் என்று கேட்டாள். யாரென்று சொன்ன பிறகு முகம் இன்னும் கடுத்தது. இருந்தாலும் விறாந்தையில் இருக்கவிட்டாள்.

"கதவு உங்களுக்குத் திறந்ததா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க அக்கா."

"திறந்தது. நாங்க போனம்." அன்னப்பூரணி மறைக்கவில்லை. "நீ தூணைப் பிடிச்சித்து நிண்ட. ரோச் வெளிச்சம் உன்ட மூஞ்சில பட்டது. நான் கண்டன்."

"ஒருத்தருக்கும் சொல்லல்லயா?"

"அப்பாட்டச் சொன்னன், வெளியில ஒரு புள்ள நிக்கிது எண்டு. நல்லரத்தினத்துக்கும் கேட்டது. அவன் கதவை விரிச்சித்து வெளிய எட்டிப் பார்த்தான். அப்பாதான் அவனத் தள்ளிப்போட்டுக் கதவைச் சாத்தினவர். பூட்டுறா எண்டார். அவன் பூட்டினான். எனக்கும் பூட்டினது நல்லம் எண்டுதான் இருந்தது. உனக்காகப் பொய் சொல்ல ஏலாது."

நாற்பத்தாறு வருசம் ஒரே ஆளைப் பார்த்து வளர்த்த கோபம் அது. அதற்குள் இன்னொரு கை புகுந்தது வதனிக்குப் பிடிக்கவில்லை. எழுதித் தருவீர்களா என்று கேட்டாள். செத்துப்போன தகப்பனின் பெயரைக் கெடுக்க எழுத்துக் கேட்கிறாயா, எழும்பிப் போ என்றாள் அன்னப்பூரணி. வதனி எழும்பி வந்தாள். அந்தத் தள்ளலை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மகளிடம்கூட.

விழா வந்தது. கொட்டகை, தோரணம், ரவுனிலிருந்து பெரிய போதகர்மார். புயலுக்குப் பிறகு கூரை போட உதவிய குடும்பம் என்று அன்னப்பூரணியையும் அழைத்து மேடையில் வைத்திருந்தார்கள். புத்தகத்தின் முதற்பிரதி அவளுக்கு. வாங்கி, கண்ணாடியைப் போட்டு, எல்லோரையும்போலத் தன் குடும்பத்தின் பெயர் எங்கே என்றுதான் தேடினாள். கூரைக்கு மரம் தந்தவர் மூப்பரின் தகப்பனார் என்றும், போடியார் குடும்பம் 'ஒத்துழைப்பு' வழங்கியது என்றும் போட்டிருந்தது. அவள் முகம் சிவந்ததை வதனி பிளாஸ்ரிக் கதிரையிலிருந்து கண்டாள்.

நாலு வார்த்தை பேசுங்கள் என்று ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

"மரம் எங்கட மரம்" என்று தொடங்கினாள் அன்னப்பூரணி. "நாப்பது முதிரை, எங்கட வண்டிலில வந்தது. இவங்கட தகப்பனுக்கு ஏது மரம்? அப்பா ஏன் குடுத்தவர் எண்டும் சொல்றன். அந்தா இரிக்கிற பொம்புளட தாய் தட்டக்குள்ள இந்தக் கதவு திறக்கல்ல. பிறகு வந்த எங்களுக்குத் திறந்தது. திறந்ததும் இவர்தான், பூட்டினதும் இவர்தான். அந்தப் பொம்புள செத்ததில அப்பாக்கு மனம் ஆறல்ல. அதான் மரம்."

தகப்பன் தள்ளியதை அவள் சொல்லவில்லை. அது விடுபட்டது வதனிக்குத் தெரிந்தது, நல்லரத்தினத்துக்கும் தெரிந்தது. இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

நல்லரத்தினம் எழும்பி, சபையைப் பார்த்துச் சொன்னார்: "ஓம். நான்தான் பூட்டினன். உள்ளுக்க அறுபது பேர். இன்னொருக்கா அப்பிடி வந்தாலும் பூட்டத்தான் வேணும்."

"அப்ப போடியாருக்கு ஏன் திறந்த நீ?" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் கேட்டார். அன்று உள்ளே வாங்குக்கடியில் கிடந்தவர்களில் ஒருவர். இத்தனை காலமும் கேட்காதவர்.

நல்லரத்தினம் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். பிரஷாந்தி புத்தகக் கட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள். மத்தியானச் சாப்பாட்டைப் பலர் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். வதனி மட்டும் இரண்டாம் தரமும் சோறு போட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு போதகர் வதனியையும் நல்லரத்தினத்தையும் கோயிலுக்கு அழைத்தார். புத்தகத்தில் ஒட்டுவதற்கு ஒரு திருத்தத் துண்டு அச்சடிப்பதென்று சபை ஒத்துக்கொண்டிருந்தது. வாசகத்தை இருவரும் பார்க்கவேண்டும். மேசையின் ஒரு முனையில் நல்லரத்தினம், மறு முனையில் வதனி. 'கதவு பூட்டப்பட்டிருந்ததால்' என்று தான் எழுதியிருந்ததைப் போதகர் வாசித்தார்.

வதனி அந்த இரண்டு கிழமையும் நிம்மதியாக இருக்கவில்லை. ஊர் இப்போது படலையில் நின்று அவளோடு பேசியது. மூப்பரைத் திட்டியது, அவர் வயலில் வேலைக்கு வர மறுத்தது. அது அவளுக்கு இனித்தது. இனித்ததுதான் தொந்தரவு. உள்ளதை எழுது என்று கேட்டவள் அவள். உள்ளதில் பாதியை வாய்க்குள் வைத்திருப்பவளும் அவள்.

"ஐயா," என்றாள். "கதவைத் தள்ளிச் சாத்தினது போடியார். அன்னப்பூரணி அக்கா எனக்குச் சொன்னவ. இவர் எட்டிப் பார்த்தவராம். அதையும் எழுதுங்க."

நல்லரத்தினம் போதகர் எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்தார். அவர் போதகரைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"அது வேணாம் ஐயா. தாழ்ப்பாள் என்ட கையிலதான் இருந்தது. போடியார் பூட்டுறா எண்டார்; நான் பூட்டினன். குத்தகைக் காணி போயிடும் எண்டு பயந்துதான் அவருக்குத் திறந்தன், அதே பயத்திலதான் பூட்டினன். திரும்பப் பூட்டினதுக்குக் கூரை எண்டது பிறகு சொன்ன கதை." அந்த வரியில் விரலை வைத்து, "பூட்டப்பட்டது எண்டு எழுதாதீங்க. ஆர் பூட்டினது எண்டு வாசிக்கிறவன் கேப்பான். பேரப் போடுங்க" என்றார்.

போதகர் வதனியைப் பார்த்தார். அவள் சரி என்று தலையை அசைத்தாள். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. நல்லரத்தினம் முதலில் வெளியேறினார். அவர் படலையைத் தாண்டும்வரை காத்திருந்து அவள் வெளியேறினாள்.

துண்டு இப்படி வந்தது: '1978 நவம்பர் 23 மாலை இக்கோயில் கதவைத் தட்டிய ஞானம்மாவும் அவருடைய மூன்று வயது மகன் யோகனும், கதவு திறக்கப்படாமையால் பள்ளிக்கூட வீதிக்குச் சென்று அங்கே இறந்தனர். கதவைப் பூட்டியவர் நல்லரத்தினம்.' முந்நூறு புத்தகத்திலும் பிரஷாந்தி பசை தடவி ஒட்டினாள். சில வீடுகளில் அதைக் கிழித்தெறிந்தார்கள் என்று கேள்வி. கூரைக்குத் தந்த மரத்துக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று அன்னப்பூரணி கேட்டு வாங்கி, தகப்பன் பெயரில் எழுத்துப்பிழை என்று திருப்பி அனுப்பினாள்.

வருடாந்தக் கூட்டத்தில் நல்லரத்தினம் மூப்பர் வேலையை விட்டுவிடுவதாகக் கடிதம் கொடுத்தார். ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்றார் போதகர். விழாவுக்கு முன் அவருக்காக உயர்ந்த அதே கைகள் இப்போது அவரை அனுப்ப உயர்ந்தன. வதனி கையை மடியில் வைத்துக்கொண்டு எழும்பினாள்.

"அவரை ஓட விட வேணாம் ஐயா. இருந்து வேலையச் செய்யட்டும். வடக்குப் பக்கம் ஒழுகுது. இந்தக் கூரை அவருக்குத்தான் தெரியும்."

உதவியாகச் சொன்னாளா, தண்டனையாகச் சொன்னாளா என்று ஊருக்கு விளங்கவில்லை. உயர்ந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. நல்லரத்தினம் கடிதத்தைத் திரும்ப வாங்கி, மடித்துப் பையில் வைத்தார்.

அந்த மாரிக்கு முன் அவர் ஆள் வைத்து ஓடு மாற்றினார். எழுபது வயதில் தானும் ஏணியில் ஏறி நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வதனி சைக்கிளை நிறுத்தி, வடக்குப் பக்கம் ஒழுங்காகச் செய்கிறார்களா என்று நின்று பார்த்தாள். அவர் மேலிருந்து கண்டார். அவள் ஏறி மிதித்துக்கொண்டு போனாள்.